வேலை நமக்கு, முடிவு யாருக்கு? கிராம சபையில் இளைஞர்களின் இடம்

(திரையில்: இருட்டத் தொடங்கும் நேரம். மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப். பின்னால் ஊருக்குப் பிரிகிற சாலை.)

வணக்கம். ஒரு ஊரை மனசுல வெச்சுக்கோங்க. அங்கிருந்து 30 கிலோமீட்டர்ல ஒரு சிப்காட். பிளஸ் டூ முடிச்ச பொண்ணு ஒருத்திக்கு அங்க வேலை கிடைக்குது. ரெண்டாவது ஷிப்ட் ராத்திரி 10 மணிக்கு முடியும். ஊருக்குள்ள வர்ற கடைசி பஸ் எட்டரைக்கே போயிடும். கம்பெனி வேன் மெயின் ரோட்டோட சரி. அங்கிருந்து மூணு கிலோமீட்டர், வழியில பாதி லைட் எரியாது. வீட்டுல என்ன சொல்வாங்க? "வேண்டாம்மா, பக்கத்துலயே ஏதாச்சும் பார்த்துக்கலாம்."

இது உதாரணத்துக்குச் சொன்னது. ஆனா இப்படி ஒரு பொண்ணு இல்லாத ஊரைக் காட்டச் சொன்னா நமக்கே கஷ்டமா இருக்கும்.

இந்தப் பொண்ணுக்குப் படிப்பு இருந்துச்சு, வேலையும் இருந்துச்சு. தடுத்தது ஒரு பஸ் டைமும் நாலு தெருவிளக்கும்தான். அந்த பஸ் டைமை முடிவு பண்ணவங்க, அந்த விளக்கு எங்க போடணும்னு முடிவு பண்ணவங்க, 20 வயசுக்காரங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? இந்த வீடியோ முழுக்க இந்தக் கேள்வியைத்தான் பார்க்கப் போறோம்.

(திரையில்: பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டம், 2024)

முதல்ல பெரிய திட்டம் ஒண்ணைப் பார்ப்போம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. நாட்டோட முன்னணி 500 கம்பெனிகள்ல அஞ்சு வருஷத்துல ஒரு கோடி இளைஞர்களுக்கு இன்டர்ன்ஷிப். வயசு 21-லிருந்து 24. பன்னிரண்டு மாசம். மாசம் 5,000 ரூபாய் உதவித்தொகை, சேரும்போது ஒரு தடவை 6,000 ரூபாய். அக்டோபர்லயே முன்னோட்டமா ஆரம்பிச்சுட்டாங்க. நோக்கம் நல்ல நோக்கம், அதுல சந்தேகமே இல்லை.

முதல் சுற்றுல கம்பெனிகள் கொடுத்த ஆஃபர் 82,000-க்கும் மேல. ஒருத்தருக்கே ரெண்டு மூணு ஆஃபர் வந்ததும் அதுல சேர்த்தி. ஒத்துக்கிட்டது சுமார் 28,000. கடைசியில போய்ச் சேர்ந்தவங்க ஏறக்குறைய 8,700 பேர்.

ஏன்? அரசே சொன்ன காரணங்கள் இவை: இடம் தூரமா இருக்கு, வேலை அவங்க எதிர்பார்த்த வேலையா இல்லை, ஒரு வருஷம்ங்கிறது ரொம்ப நீளம்.

இந்தக் காரணங்களைக் கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. ராமநாதபுரத்துல இருந்து ஒரு பையன் சென்னைப் பக்கம் இருக்குற ஒரகடம் கம்பெனிகளுக்கு வர்றான்னா ரூம் வாடகை, மூணு வேளைச் சாப்பாடு, போக்குவரத்து எல்லாத்தையும் 5,000 ரூபாய்க்குள்ள முடிக்கணும். முடியாதுன்னு கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை. டிகிரி முடிச்ச நாலு பேரை உட்கார வெச்சு, "தம்பி, இதுக்கு வருவியா?"ன்னு கேட்டிருந்தா பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. இளைஞர்களோட கருத்தைக் கேட்கிறதை ஏதோ அவங்களுக்குக் காட்டுற மரியாதைன்னு மட்டும் நினைக்கிறோம். கேட்காம விட்டா திட்டத்துக்கே எவ்வளவு நஷ்டம்னு இந்த எண்ணிக்கையைப் பார்த்தா புரியும்.

(திரையில்: 18, 21, 25 என்று மூன்று எண்கள்)

சரி, சட்டம் இளைஞர்களுக்கு எங்கெல்லாம் இடம் கொடுக்குது? அரசியல் சாசனத்தோட 61-வது திருத்தம் 1989 மார்ச் 28-ல நடைமுறைக்கு வந்துச்சு. ஓட்டுப் போடுற வயசு 21-லிருந்து 18 ஆச்சு. எம்.எல்.ஏ., மக்களவை எம்.பி. தேர்தல்ல நிக்க 25 வயசு ஆகணும். ஊராட்சி, நகராட்சித் தேர்தலுக்கு 21 போதும்.

21 வயசுல என்ன பண்ணிட முடியும்னு கேட்கிறவங்க இருக்காங்க. 2020 டிசம்பர்ல திருவனந்தபுரம் மேயரா ஆர்யா ராஜேந்திரன் பொறுப்பேற்றப்போ அவங்களுக்கு 21 வயசு, காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தாங்க. 2022 மார்ச்ல சென்னை மேயரான பிரியாவுக்கு 28 வயசு. அதுக்கு முன்னாடியே, 2019 டிசம்பர்ல நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல 21 வயசு கல்லூரி மாணவி ஒருத்தர் ஊராட்சித் தலைவரா ஜெயிச்சாங்க.

ஆனா எல்லாரும் தேர்தல்ல நிக்கப் போறதில்லை. தேர்தல்ல நிக்காம, கட்சியில சேராம, 18 வயசானாலே உட்கார்ந்து பேச உரிமை இருக்குற ஒரு சபை நம்ம ஊர்லயே இருக்கு. கிராம சபை.

(திரையில்: ஆறு தேதிகள் ஒவ்வொன்றாக)

73-வது திருத்தம் 1993-ல நடைமுறைக்கு வந்தப்போ கிராம சபைக்கு அரசியல் சாசனத்துலயே இடம் கிடைச்சுது. தமிழ்நாட்டுல 1994-ம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்துலயும் இது இருக்கு. ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குற ஒவ்வொருத்தரும் இதுல உறுப்பினர். முன்னாடி வருஷத்துக்கு நாலு தடவை கூடிக்கிட்டு இருந்துச்சு, 2022-ல ஆறா ஆக்கினாங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

இதுல ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் நாலும் அரசு விடுமுறை நாள். திருப்பூர்லயோ கோயம்புத்தூர்லயோ வேலை பார்க்குறவங்க லீவுக்கு ஊருக்கு வர்றப்போ கலந்துக்கலாம். வெளியூர்ல இருந்தாலும் ஓட்டு ஊர்ல இருந்தா நீங்க உறுப்பினர்தான். பட்டியல்ல உங்க பேர் இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா பேர் சேர்க்கிறதுக்கான படிவம் 6 கொடுங்க. பதினேழு வயசுலயே முன்கூட்டி விண்ணப்பிச்சு வைக்கலாம்.

(திரையில்: மக்கள்தொகை, குறைவெண் வரம்பு)

இப்போ ரொம்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாகணும்னா குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வரணும்னு ஒரு கணக்கு இருக்கு. 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர். 3,000 வரைக்கும் 100 பேர். 10,000 வரைக்கும் 200. அதுக்கு மேல 300.

உங்க ஊராட்சியில 2,800 பேர்னு வைங்க. நூறு பேர் வந்தா கூட்டம் செல்லும். அந்த நூறுல 30 பேர் இளைஞர்களா இருந்தா? ஓட்டுப் பெட்டியில ஆயிரக்கணக்குல ஒண்ணாக் கரைஞ்சு போற குரல், இங்க கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. கபடி டீம், கிரிக்கெட் டீம், கோயில் திருவிழாக் கமிட்டி, இதுல ஏதோ ஒண்ணு இல்லாத ஊர் கிடையாது. அந்த 30 பேர் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்காங்க. அன்னைக்குக் காலையில 11 மணிக்குக் கிராம சபை நடக்குற இடத்துக்கு வரணும், அவ்வளவுதான்.

வந்தா பேச விடுவாங்களா? நியாயமான பயம். "நேத்துப் பொறந்த பையன், உட்காருடா"ன்னு சொல்றவங்க இருக்காங்க. இளம் பெண்கள் எழுந்து கேள்வி கேட்டா வீட்டுக்கு வந்து புகார் சொல்றவங்க இருக்காங்க. எந்தத் தெருவுல இருந்து வந்திருக்கீங்கன்னு பார்த்துட்டுத்தான் காது கொடுக்குற ஊர்களும் இருக்கு. இதை மறைச்சுப் பேசுறதுல அர்த்தமில்லை. அதனாலதான் தனியாப் போகாதீங்க, எழுதி எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்றேன். வாயால சொன்னதை "அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிடலாம். முப்பது பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை அப்படித் தள்ளுறது கஷ்டம்.

இதைவிடச் சின்னவங்க இதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. கர்நாடகாவுல குந்தாப்புரா பக்கம் கெரடின்னு ஒரு ஊர். 1990-கள்ல அங்க பீமா சங்கம்ங்கிற உழைக்கும் சிறுவர்களோட அமைப்பு மக்கள பஞ்சாயத்துன்னு ஒண்ணை உருவாக்குச்சு. கன்னடத்துல மக்களன்னா குழந்தைகளோடன்னு அர்த்தம். பள்ளிக்குப் போற வழி, தண்ணி, விறகு மாதிரி தங்களோட பிரச்சினைகளை அவங்களே விசாரிச்சு, எழுதி, பெரியவங்க பஞ்சாயத்து முன்னாடி வெச்சாங்க. 2006-ல கர்நாடக அரசு எல்லா ஊராட்சியிலயும் குழந்தைகள் கிராம சபை நடத்தச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. ஓட்டே இல்லாத பிள்ளைங்க இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்காங்க.

(திரையில்: ஒரு வெள்ளைத் தாள், பேனா)

சரி, என்ன எழுதுறது? "இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு ஏற்படுத்தித் தர வேண்டும்." இப்படி மட்டும் எழுதாதீங்க. இதை எல்லாரும் கைதட்டி நிறைவேத்துவாங்க, ஒண்ணும் நடக்காது. ஊராட்சியால யாருக்கும் கம்பெனி வேலை வாங்கித் தர முடியாது. கையில இருக்குற காசும் அளவானது. மத்திய அரசு ஊராட்சிகளுக்குக் கொடுத்த, 2021-லிருந்து 2026 வரைக்குமான 15-வது நிதிக்குழு மானியத்தை எடுத்துக்கோங்க. அதுல 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்னு கட்டி வெச்சுட்டாங்க. மிச்சம் 40 சதவீதத்துலயும் சம்பளம் போட முடியாதுன்னு இருந்துச்சு.

ஊராட்சியால முடிஞ்சது என்ன? தெருவிளக்கு முடியும். பூட்டிக் கிடக்குற நூலகத்தைத் திறந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு ரெண்டு மேசையும் ஃபேனும் போட முடியும். மத்த துறைகளுக்கு ஊரோட பேர்ல தீர்மானம் அனுப்ப முடியும். இப்படி எழுதிப் பாருங்க:

"நமது ஊராட்சியில் பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்து வேலை தேடும் 18 முதல் 30 வயது வரையிலானவர்களின் பட்டியலை, அவர்கள் விரும்பும் தொழிலுடன், இரண்டு மாதத்துக்குள் தயாரித்து மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் மகளிர் திட்ட அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். இரவு 10.30 மணிக்கு சிப்காட்டிலிருந்து நமது ஊர் வழியாகப் பேருந்து இயக்கக் கோரி, அந்த ஷிப்டில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கையுடன், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தீர்மானம் அனுப்ப வேண்டும்."

யார் செய்யணும், எத்தனை நாள்ல செய்யணும், யாருக்கு அனுப்பணும், எல்லாம் இதுக்குள்ள இருக்கு. அந்தப் பட்டியலை ஊராட்சிச் செயலர் ஒருத்தரே அலைஞ்சு எடுக்கணும்னு விட்டுடாதீங்க. நீங்களே தெருத் தெருவாப் போய் எடுத்துக் கொடுங்க. ஊர்ல 14 பேர் டூ வீலர் மெக்கானிக் ஆகணும்னு சொல்றாங்க, 20 பொண்ணுங்க தையல் பயிற்சி கேட்கிறாங்கன்னு எழுத்துல இருந்தா அதோட கதையே வேற. வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் மாவட்டங்கள்ல இருக்கு. பயிற்சி இலவசம், தங்குற இடமும் சாப்பாடும் அவங்களே தர்றாங்க. ஒரே தொழிலுக்கு ஒரு ஊர்ல இருந்து இத்தனை பேர் வர்றாங்கன்னா அவங்களுக்கும் பேட்ச் போடச் சுலபம். 1982-ல கர்நாடகாவோட உஜிரேயில ஒரே ஒரு மையமா ஆரம்பிச்ச முயற்சிதான் இன்னைக்கு நாடு முழுக்கப் பரவியிருக்கு. பக்கத்துல இருக்கிறது நிறையப் பேருக்குத் தெரியாததுதான் வருத்தம்.

தேதியும் முக்கியம். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோட வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குது. காசு செலவாகுற கோரிக்கை எதுவா இருந்தாலும் அந்தக் கூட்டத்துல வைங்க. ஜனவரியில போய்க் கேட்டா, திட்டம் போட்டு முடிச்சாச்சும்பாங்க.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டுல 28 மாவட்டங்கள்ல ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல முடிஞ்சு, அரசு நியமிச்ச தனி அலுவலர்கள் கையில நிர்வாகம் போச்சு. தலைவர் நாற்காலி காலியா இருந்தாலும் கிராம சபையில உங்க உரிமை காலாவதி ஆகுறதில்லை. சொல்லப்போனா, தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத நேரத்துலதான் ஊர்க்காரங்க குரல் அங்க அதிகமாக் கேட்கணும்.

டவுன்ல இருக்கீங்களா? நகரங்கள்ல கிராம சபை மாதிரியே பகுதி சபை இருக்கு. 2022 நவம்பர் 1-ல தமிழ்நாட்டுல முதல் தடவையாக் கூடுச்சு. இதுக்குத் தனியா ஒரு வீடியோவே போடணும். இப்போதைக்கு, உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட அடுத்த பகுதி சபை எப்போன்னு கேட்டு வைங்க.

(திரையில்: தீர்மானப் பதிவேட்டின் ஒரு பக்கம்)

கூட்டம் முடியுறப்போ ஒரு எச்சரிக்கை. வருகைக்குப் போடுற கையெழுத்து வேற, தீர்மானம் வேற. உங்க கோரிக்கை பதிவேட்டுல எழுதியாச்சா, எந்த எண்ணுல எழுதியிருக்கு, நீங்க சொன்ன வார்த்தையிலயே இருக்கான்னு படிச்சுப் பார்த்துட்டுக் கிளம்புங்க. "வேலைவாய்ப்பு குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு ஒரே வரியில முடிச்சிருந்தா, அங்கேயே திருத்தி எழுதச் சொல்லுங்க. செல்போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ரெண்டு மாசம் ஆகியும் ஒரு அசைவும் இல்லையா? 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல இருக்குற பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. இன்ன தேதி கிராம சபை, இன்ன எண் தீர்மானம், எந்தத் தேதியில எந்த அலுவலகத்துக்கு அனுப்பினீங்க, நகல் கொடுங்க. முப்பது நாளுக்குள்ள பதில் தரணும். அந்தப் பதிலை எடுத்துக்கிட்டு அதே 30 பேரும் அடுத்த கிராம சபைக்குப் போங்க. அன்னைக்கு முதல் கேள்வி அதுவா இருக்கட்டும்.