ஆறரை மணி மேசை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை டியூஷனைக்கூட விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

பிள்ளைகளிடம் நல்ல படிப்புப் பழக்கத்தை உருவாக்குவது பாடசாலையா, வீடா? வீடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய டீச்சர், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று ஆரம்பித்தார். நன்றி டீச்சர், எங்களுக்கு வேலை குறைந்தது. நம் நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிறகுதானே முதலாம் தரத்தில் சேர்க்கிறீர்கள்? அதுவரை பிள்ளையை வளைத்தது யார்?

பாடசாலையில் நேரசூசி இருக்கிறது, மணி அடிக்கிறது, பிள்ளை புத்தகத்தைத் திறக்கிறது என்றார். உண்மைதான். ஆனால் மணி அடித்ததால் திறக்கிறது. யாரும் சொல்லாமலே தானாகத் திறந்தால்தான் அது பழக்கம். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு சிறு செயலைத் தினமும் ஒரே வேளையோடு சேர்த்துச் செய்துவந்தவர்களுக்கு அது பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள் வரை எடுக்கும், நடுத்தரமாக 66 நாள் என்று கண்டார்கள். அவர்கள் பார்த்தது பெரியவர்களை, அதுவும் சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற விடயங்களில். இருந்தாலும் "தினமும்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா, தவணை விடுமுறை எல்லாம் போக உங்கள் மணி எத்தனை நாள் அடிக்கிறது? வீட்டுக்கு போயா லீவு கிடையாது. இடையில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடாது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. கல்யாண வீடு, காய்ச்சல் என்று சாட்டு வைத்திருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.

சரி, எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருவோம். "அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறார்கள், காலி வீதி நெரிசலில் வீடு வந்து சேரவே ஏழு மணி, இங்கிலிஷ் மீடியம் சயன்ஸை யார் சொல்லிக்கொடுப்பது?" ஐயா, சொல்லிக்கொடுக்க யார் கேட்டார்கள்? அது டீச்சருடைய வேலை, அதை நன்றாகவே செய்கிறார். நாங்கள் கேட்பது வேறு.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. இரண்டு அறை பிளட். படிப்புக்கென்று தனி மேசை போட இடமில்லை. ஆறரை மணியானால் அம்மம்மா சாப்பாட்டு மேசையிலிருந்து சீனிப் போத்தலையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் எடுத்துவிட்டு ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பார். டீவி நிற்கும். போன்கள் குசினியில் சார்ஜுக்குப் போகும். வேலையால் வந்தவுடன் அப்பாவின் போனும் அங்கேதான். (ஆண்கள் பக்கம் சிரிப்பைக் காணவில்லையே!) பேரன் வந்து உட்காருவான். யாரும் கூப்பிடுவதில்லை. மேசை துடைக்கும் சத்தமே அவனுக்குப் போதும்.

படித்து முடிந்ததும் அம்மம்மா புத்தகத்தை மூடச் சொல்வார். "இண்டைக்கு என்ன படிச்சனி? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு பாப்பம்." அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பையன் ஒளித்தொகுப்பை விளக்கத் தொடங்கி, இலை வரைக்கும் நன்றாக வந்து, காபனீரொட்சைட்டில் மாட்டிக்கொள்வான். புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சொல்வான். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துப் பார்த்தது இதைத்தான். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்திப் பழகியவர்களே முந்தினார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க டீச்சருக்கு நேரமேது? அம்மம்மாவுக்கு இருக்கிறது.

அப்புறம் நாளைய நேரசூசியைப் பார்த்துப் பை அடுக்குவது, படுப்பது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. ஸ்கூல் வேனுக்காக ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை எட்டரைக்காவது படுக்க வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் டியூஷனால் வருவதே எட்டு மணிக்கு என்றால், அந்த வகுப்பை வெட்டுவதா தூக்கத்தை வெட்டுவதா என்பதும் வீட்டில் எடுக்கிற முடிவுதான். பாடசாலையிலும் தூங்க வைக்கிறார்கள் என்று பின்னால் ஒரு மாணவர் முணுமுணுக்கிறார். அதை எதிரணிக் கணக்கில் போட மாட்டேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி, எதிரணித் தலைவர் பதிலோடு வரட்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டினார்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் மறுபடி பூட்டினார்கள். கேற்றில் பூட்டுத் தொங்கிய அந்த மாதங்களிலும் சில பிள்ளைகள் அதே நேரத்துக்குப் புத்தகத்தைத் திறந்தார்களே, அவர்களுக்கு மணி அடித்தது யார்?