ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஐம்பது ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர்களே, என்னைத் தேவைக்கு மேல் புகழ்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, இசை அன்பர்களே, வணக்கம்.

ஃப்ரெடி கிரீன் என்ற ஜாஸ் கிதார் கலைஞரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அவர் வாசித்த குழு பெரிதான கதை, அவருடைய விரல் நுட்பம், அப்புறம் இந்த ஒலிபெருக்கிகள்.

1936 கடைசியில் கவுண்ட் பேஸி என்ற அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் தன் சிறிய குழுவோடு கான்சாஸ் சிட்டியிலிருந்து நியூயார்க் வந்து, ஆள் சேர்க்கத் தொடங்கினார். 1937இல் கிரீன் சேர்ந்தார். 1950இல் பேஸி தன் குழுவைச் சுருக்கியபோது கிரீனுக்கு இடமில்லை. அவரோ யாரும் கூப்பிடாமலே கிதாரோடு வந்து மேடையில் உட்கார்ந்துவிட்டார் என்பார்கள். அதன்பின் 1987இல் இறக்கும் வரை எழுந்திருக்கவில்லை! டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் முழங்கும் மேடையில், ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிதாரில் தாளம் தவறாமல் மீட்டிக்கொண்டிருந்தார். தனியாக வாசித்தது அபூர்வம். நிறைகுடம் தளும்பாது.

ஆனால் அவருக்கும் ஒரு சமயம் ஆசை வந்தது. டிரம்பெட் கலைஞர் ஹாரி எடிசன் சொன்ன கதை இது. கிரீன் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கி, தனியாக வாசிக்க ஆரம்பித்தாராம். அவர் தாளத்தை விட்டுவிட்டுத் தனியே போனதும் மொத்தக் குழுவும் ஆட்டம் கண்டது. கூட வாசிக்கும் நண்பர், முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? ஒருநாள் யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். மனிதர் சரிசெய்துகொண்டு வந்தார். மறுபடி பிடுங்கினார்கள். மறுபடி சரிசெய்தார். கடைசியில் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை வைத்துவிட்டார்கள்! கிரீன் உட்கார்ந்து மீட்டுகிறார், சத்தமே இல்லை. திறந்து பார்க்கிறார், காலி. கோபத்தில் கத்துகிறார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய கிதாருக்கே திரும்பிவிட்டார். நிறைகுடம் தளும்பாது, தளும்பினால் நண்பர்கள் விடமாட்டார்கள்.

விரல் நுட்பம்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கம்பிகளைக் கிதாரின் கழுத்துப் பலகையிலிருந்து மிக உயரத்தில் வைத்திருந்தார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஒலிபெருக்கிக்கு வருகிறேன். பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே ஒரு மரக் கிதார் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்றால், நம் அரங்குகளில் எதற்கு ஆளுயரப் பெட்டிகள்? கிரீன் கத்தவில்லை; மற்றவர்கள்தான் அவரைக் கேட்டு வாசித்தார்கள். இன்றைக்கு ஒருவர் சத்தத்தைக் கூட்டுகிறார், அடுத்தவரும் கூட்டுகிறார், பக்கவாத்தியம் எங்கோ தொலைந்துவிடுகிறது. முதல் பாட்டுக்காவது பெட்டிகளை அணைத்துவையுங்கள் என்று ஒரு மனு எழுதியிருக்கிறோம். தாள் வாசல் மேசையில் இருக்கிறது. மைக் செட் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் கையெழுத்து அவருடையதாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. வணக்கம்.