ஜீரோவுக்குப் போய் மூக்கை மட்டும் பார்க்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே! பின்னால் தெரிகிற மூங்கில் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அருணாசலப் பிரதேசம், ஜீரோ பள்ளத்தாக்கு, ஹாங் என்கிற அபதானி பழங்குடியினரின் கிராமம். ஊரைக் காட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் போட்ட சிறு வீடியோவின் கீழே "மூக்கில் கட்டை வைத்த பாட்டி எங்கே?" என்று எத்தனை பேர்! காட்ட மாட்டேன். இன்று காலை ஒரு சுற்றுலாப் பயணி, அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாட்டியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை நீட்டினார். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று சைகை வேறு. எடுத்து முடித்ததும் நூறு ரூபாய்த் தாளை மடியில் போட்டுவிட்டு நடந்தார். பாட்டி அதை முறத்துக்கு அடியில் தள்ளிவிட்டுப் புடைக்கத் தொடங்கினார். முகத்தில் பச்சை குத்துவதையும் மூக்கில் அந்தக் கட்டையைச் செருகுவதையும் 1970-களிலேயே இந்தச் சமூகம் கைவிட்டுவிட்டது. பக்கத்து இனத்தார் தூக்கிப் போகாமலிருக்கப் பெண்களின் அழகைக் குறைத்தார்கள் என்று எல்லாப் பயண வீடியோவிலும் ஒப்பிக்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இங்கே பார்க்க வேண்டியது வயல். வருகிறேன், அதற்கு முன் சுமோ வண்டிக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மலைப்பாதையில் முன்சீட்டு கிடைக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கொல்லிமலை வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிளாஸ்டிக் பையும் கையுமாகத்தான் கடந்தேன். இட்டாநகர் பக்கத்தில் இருக்கிற நாகர்லகுனில் இருந்து ஜீரோவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு சுமோக்கள் போகின்றன. டிக்கெட் ஐந்நூறு ரூபாய். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் ஒரே விலை. அதனால் முந்தைய நாளே போய் முன்சீட்டில் என் பெயரை எழுத வைத்துவிட்டேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் அதில் ஒரு குடை உட்கார்ந்திருக்கிறது! ஆள் இல்லை, வெறும் குடை. இங்கே இனத்துக்கு இனம் மொழி வேறு, பொதுவாகப் பேசிக்கொள்வது இந்தியில். என் இந்தியோ 'கித்னா', 'நஹீ' இரண்டோடு சரி. டிக்கெட்டைக் காட்டினேன், இருக்கையைக் காட்டினேன். ஓட்டுநர் அசையவில்லை. கடைசியில் வாந்தி எடுப்பதுபோல் நடித்துக் காட்டினேன். எங்கிருந்தோ குடைக்காரர் ஓடி வந்தார், குடையை எடுத்தார், கடைசி வரிசைக்கே போய்விட்டார்! அதே ஐந்நூறு ரூபாய்க்கு, வழியில் இருக்கிற யாசாலி ஊரைத் தாண்டும்வரை யாரும் என் தோளில் சாயவில்லை. இந்த வருடத்தில் நான் அடைந்த மிகப் பெரிய வெற்றி இதுதான், சிரிக்காதீர்கள்.

அடடா, அனுமதிச் சீட்டை விட்டுவிட்டேன். அருணாசலத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தார் 'இன்னர் லைன் பெர்மிட்' வாங்க வேண்டும். 1873-இல் ஆங்கிலேயர் போட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருந்து வருகிற ஏற்பாடு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள், மலையில் கைப்பேசி சிக்னலை நம்பாதீர்கள்.

சரி, வயல். இதோ, கேமராவைத் திருப்புகிறேன். 1,500 மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம்போல் சமதளத்தில் நெல்! ஏர் கிடையாது. மிதுன் மாடுகள் காட்டில் மேய்கின்றன, அவற்றை யாரும் உழவுக்குப் பூட்டுவதில்லை. மண்வெட்டியும் மனிதக் கையும்தான். வரப்பில் நிற்பது என்ன தெரிகிறதா? கேழ்வரகு. நம் ஊரில் வரப்பில் உளுந்து போடுவோமே, இவர்கள் கேழ்வரகு போடுகிறார்கள். தண்ணீருக்குள் பாருங்கள், அந்த வால் அசைவு... போய்விட்டது. கெண்டை மீன். 1960-களில் இருந்து நெல்லுக்கு நடுவே மீன் வளர்க்கிறார்கள். வயலுக்குள் ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் குறையும்போது மீன்கள் அதில் ஒதுங்கிக்கொள்ளும். குன்றோரத்தில் தெரிகிற மூங்கில், பைன் தோப்புகள் குடும்பங்களுக்குச் சொந்தம். ஒரு சாண் நிலத்தைக்கூடச் சும்மா விடவில்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இந்த நிலப்பரப்பு இடம்பிடித்தது. நம் ஆட்களுக்கோ பாட்டியின் மூக்கு வேண்டும்!

ஜூலை 5-ஆம் தேதி ட்ரீ திருவிழா முடிந்திருக்கிறது. பயிரைப் பூச்சி அண்டக்கூடாது, விளைச்சல் பெருக வேண்டும் என்று கும்பிடுகிற விழா. அதில் வெள்ளரிக்காய் கொடுப்பது வழக்கம். வீட்டுக்கார அக்கா எனக்கும் ஒன்றை நீட்டினார். தடியான வெள்ளரி, தண்ணீர் சொட்டுகிறது. உப்பு கேட்டேன், கறுப்பாக ஏதோ கொண்டு வந்தார். 'தாப்யோ' என்றார். செடிகளை எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, அந்த நீரைச் சுண்டக் காய்ச்சுவது. புகை வாசம், அடிநாக்கில் லேசான கசப்பு. எனக்குப் பிடித்துவிட்டது. இதையே பன்றிக்கொழுப்போடும் மூங்கில் குருத்தோடும் சேர்த்துச் செய்கிற 'பிக்கே பிலா' எனக்கு ஆகவில்லை. புளித்த மூங்கில் குருத்தின் வாசம் எனக்கு எந்த ஊரிலும் ஆகாது, உங்களுக்கே தெரியும். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வீடியோ தாலே பள்ளத்தாக்குச் சரணாலயம். மழைக்காலம், அட்டைகள் காத்திருக்கும். அவற்றுக்குப் போட சாதாரண உப்பு வாங்க வேண்டும், தாப்யோவை வீணாக்க மாட்டேன். இங்கே சீக்கிரம் விடிவதுபோல் சீக்கிரம் இருட்டியும் விடுகிறது, ஹாபோலி கடைத்தெருவில் கதவைச் சாத்துவதற்குள் போயாக வேண்டும். வருகிறேன்.