மேலே தூக்கிய பிறகுதான் வேலை

நேயர்களே, வணக்கம்.

கடலடியிலிருந்து ஒரு பழைய போர் விமானத்தை மேலே எடுக்கிற காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கிரேன் தூக்குகிறது, தண்ணீர் கொட்டுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஆனால் விமானத்துக்கு ஆபத்து அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பு கலந்த உலோகம். பல ஆண்டுகள் கடலில் கிடந்ததில், உப்பிலுள்ள குளோரைடு அதன் இண்டு இடுக்கெல்லாம் ஊறியிருக்கும். மணல் மூடிக் கிடந்தவரை ஆக்சிஜன் குறைவு, அதனால் அரிப்பும் மெதுவாகவே நடந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது வேகம் பிடிக்கிறது. எஃகும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடங்களில் அலுமினியம்தான் முதலில் போகும்.

இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டில் கிடந்த ஜெர்மானிய டோர்னியர் 17 விமானத்தை 2013 ஜூனில் தூக்கினார்கள். 1940 ஆகஸ்டில் வீழ்ந்தது அது. அந்த ரகத்தில் ஓரளவு முழுசாக மிஞ்சியதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். காஸ்ஃபோர்டில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து, நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். உப்பு வெளியேறவும், ஒட்டிய கடல் படிவுகள் உதிரவும் ஓராண்டுக்கு மேலேயே பிடித்தது. தூக்குவதற்கு முன்பே அந்தக் கரைசலைச் சோதித்து வைத்திருந்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு கீ பேர்டு என்ற அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் சாட்சி. 1947இல் கிரீன்லாந்தில் தரையிறங்கிய அந்த விமானம் குளிரில் கெடாமல் கிடந்தது. 1995இல் அங்கேயே பழுது பார்த்துப் பறக்கவைக்க முயன்றபோது தீப்பிடித்து எரிந்தது. பனி அரை நூற்றாண்டு காப்பாற்றி வைத்ததை மனிதர்கள் ஒரே நாளில் இழந்தார்கள்.

சரி, பத்திரமாகக் கொண்டுவந்தாகிவிட்டது. அதை என்ன செய்வது? கிடைத்தபடியே வைப்பது, காட்சிக்குச் சீரமைப்பது, பறக்கவைப்பது என்று வழிகள் உண்டு. பறக்கவேண்டுமென்றால் நலிந்த பாகங்களையெல்லாம் மாற்றியாக வேண்டும். கிரீன்லாந்தில் ஏறக்குறைய 80 மீட்டர் பனிக்கடியிலிருந்து 1992இல் எடுத்த அமெரிக்க பி-38 போர் விமானம் 2002இல் மறுபடி பறந்தது. அபாரமான சாதனைதான். ஆனாலும் என் மனம் லண்டனில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் பக்கமே சாய்கிறது. 1942இல் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய், நார்வேயின் ஓர் ஏரியில் இறங்கி மூழ்கியது அது. 1973இல் வெளியே எடுத்தவர்கள், பெரும்பாலும் கிடைத்த கோலத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள்.

எந்த அளவுக்கு அசல், எந்த அளவுக்குப் புதுசு என்பதைப் பார்வையாளருக்கு எழுதி வைக்காத அருங்காட்சியகம் தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது. ஓர் அடையாளத் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றிலும் புது விமானம் கட்டி, பழைய பெயரைச் சூட்டுகிறவர்களும் உண்டு. அதை மீட்பு என்று ஏற்க என்னால் முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியிலிருந்து 1994இல் எடுத்த டான்ட்லெஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தில் குண்டுத் துளைகளை அடைத்த ஒட்டுகள் அப்படியே இருந்தன. 1942இல் பசிபிக் கடலில் ஜப்பானோடு நடந்த மிட்வே போரில் அடிபட்டுத் திரும்பி, அப்புறம் பயிற்சிக்குப் போய், 1943இல் ஏரியில் விழுந்த விமானம் அது. பளபளவென்று புதுத் தகடு போர்த்தியிருந்தால் மிட்வே அதிலிருந்து அழிந்தே போயிருக்கும்.

முக்குளிப்பவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிதைவு கண்ணில் பட்டால் எதையும் கழற்றாதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ராணுவ விமானச் சிதைவை அனுமதியில்லாமல் கலைப்பதும் நகர்த்துவதும் தோண்டியெடுப்பதும் குற்றம். உள்ளே வீரர்களின் எச்சங்கள் இருக்கலாம். நீங்கள் நினைவுக்காக எடுத்துப்போகும் எண் தகடுதான், அவர்கள் யாரென்று குடும்பத்துக்குச் சொல்ல மிஞ்சிய ஒரே தடயமாகவும் இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.