எலிப் புத்தகமும் ஒரு சிவப்பு ஸ்டிக்கரும்

வணக்கம். புதிதாக வாங்கிய புத்தகங்களை இன்றைக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நேற்று மாலை என் மகளின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து என் மனம் ஆறவே இல்லை.

வன்முறை, மரணம், உடல் பற்றியெல்லாம் பேசும் கிராஃபிக் நாவல்கள், அதாவது படக்கட்டங்களாலேயே முழுக் கதையையும் சொல்லும் புத்தகங்கள், பள்ளி நூலகத்தில் இருக்கலாமா என்பதுதான் பேச்சு. ஒருவருடைய கைப்பேசி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. திரையில் ஒரே ஒரு கட்டம். குளியல் தொட்டியில் ஒரு பெண் இறந்து கிடக்கிறார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’. நாஜிகளிடம் தன் பெற்றோர் பட்ட பாட்டை, யூதர்களை எலிகளாக வரைந்து அவர் சொன்ன கதை. அந்தப் பெண் அவருடைய அம்மா. நாஜி வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டு, 1968-இல் தற்கொலை செய்துகொண்டவர். புத்தகத்தில் சின்னக் கட்டம் அது. கைப்பேசியில் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். “எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். நூலகர் மட்டும் கையைத் தூக்கினார்.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கிராஃபிக் நாவலை இரண்டு தடவை படிப்பேன். முதல் தடவை பேச்சுக்குமிழிகளோடு ஓடிவிடுவேன். இரண்டாம் தடவை, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நின்று நின்று போவேன். இந்தக் கலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. முன் கட்டத்துக்கும் பின் கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை வாசகர்தான் நிரப்பிக்கொள்கிறார். ஒரு கட்டத்தை மட்டும் பிய்த்தெடுத்தால் துக்கம் உதிர்ந்துவிடும், உடல் மட்டுமே மிஞ்சும். அதைக் காட்டித்தான் ஆபாசம் என்கிறார்கள்!

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. புரியாத சொல்லைக் குழந்தை தாண்டிப் போய்விடும். படத்தை அப்படித் தாண்ட முடியாது, பார்த்தால் பார்த்ததுதான். அதனால் எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் ‘மௌஸ்’ இருக்கக் கூடாது. படம் போட்ட புத்தகம் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்கு என்று நினைத்து அந்த அலமாரியில் செருகியதுதான் முதல் தவறு. மேல் வகுப்புப் பகுதிக்கு மாற்றுங்கள், ஒப்புக்கொள்கிறேன். என் மகள் எதைப் படிக்கலாம் என்று நான் சொல்லலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அதற்காகப் பூட்டிய அலமாரியில் வைப்பது எனக்கு அறவே பிடிக்காது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கெய்ஜி நாகசாவாவுக்கு ஆறு வயது. அந்த அனுபவத்தை வைத்து அவர் வரைந்த ‘ஹதாஷி நோ கென்’ படக்கதைத் தொடரை 2012-இல் ஜப்பானின் மட்சுயே நகரக் கல்வி வாரியம், பள்ளி நூலகங்களில் ஆசிரியர் அனுமதித்தால் மட்டுமே எடுத்துத் தரும்படி உள்ளறைக்கு மாற்றச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் 2013 ஆகஸ்டில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆறு வயதில் ஒருவர் கண்ணால் கண்டதைப் பதின்மூன்று வயதில் படமாகக்கூடப் பார்க்கக் கூடாதாம்!

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ‘மௌஸ்’ 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற புத்தகம். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெக்மின் மாவட்டப் பள்ளி வாரியம் பத்துக்குப் பூஜ்யம் என்று வாக்களித்து அதை நீக்கியது. நூலகத்திலிருந்து அல்ல, எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து. வகுப்பில் எல்லோரும் படித்தே ஆக வேண்டிய புத்தகம் வேறு, நூலகத்தில் விரும்பியவர் எடுக்கும் புத்தகம் வேறு. நேற்று இரண்டையும் போட்டுக் குழப்பினார்கள்.

இப்போது ஸ்டிக்கர் விஷயம். கூட்டத்துக்கு முன்பே “பெற்றோர் அனுமதி தேவை” என்று உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். எங்கே தெரியுமா? முன்னட்டையில், ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு எலிகளின் முகத்தின் மேலேயே! அந்தப் பயந்த முகங்கள்தான் அந்த அட்டைக்கு உயிர். எனக்குத் தாங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நூலகரிடம் பேசினேன். மேல் வகுப்புப் பகுதியில் பூட்டில்லாமல் வைக்கலாம், சின்னச் சீட்டாகப் பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டார். பழையதை நானே பிரித்துத் தருகிறேன் என்று இரண்டு பிரதிகளையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இதோ பாருங்கள், முதல் பிரதி. நகத்தால் கீறவே கூடாது, அட்டையின் மேல்தாள் உரிந்துவிடும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பசை இளகியதும் மூலையிலிருந்து படுக்கைவசமாக இழுத்தேன். இருபது நிமிடம் ஆனது. ஒரு கீறல் இல்லை! வலப்பக்க எலியின் காது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கிறது. அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். இரண்டாவது பிரதியை உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன். கேமராவை இப்படிக் கீழே திருப்பிக்கொள்கிறேன்.