ஏட்டுச் சுரைக்காயும் எல்லைக் கல்லும்

(தருமபுரியில் புவியியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, அரங்கம் தந்த கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நில அளவைத் துறை நண்பர்களே, பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாட்டெல்லையை நடந்தே ஆராய்வது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஏன் நடக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், நடந்ததை எப்படி எழுத வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்திய வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரே கோடு. அங்கே போய்ப் பார்த்தால் வேலி ஓரிடம், எல்லை வேறிடம். கோட்டிலிருந்து 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்பது 1975-இல் இரு நாடும் ஒப்புக்கொண்ட நெறி. அதனால் பல இடங்களில் வேலி நம் பக்கம் உள்வாங்கி நிற்கிறது. வேலிக்கு அப்பால் நம் விவசாயியின் வயல். கேட் திறக்கும் நேரத்தில் அட்டையைக் காட்டித்தான் அவர் உழப் போக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் வயல் தெரியும். கேட் எப்போது திறக்கும் என்று தெரியுமா?

2021-இல் பெல்ஜியத்தில் நடந்ததைக் கேளுங்கள். எர்க்லின் என்ற ஊர், பிரான்சு எல்லையோரம். டிராக்டர் போகும் வழியில் ஒரு கல் இடித்தது. விவசாயி அதைப் பெயர்த்து 2.29 மீட்டர் தள்ளி வைத்துவிட்டார். கல்லில் 1819 என்று செதுக்கியிருக்கிறது! வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றபின் நட்டது. 1820 கோர்ட்ரைக் உடன்படிக்கைப்படி நாட்டெல்லை. படை போகவில்லை, பீரங்கி வெடிக்கவில்லை. ஒரு டிராக்டர் போனது, பெல்ஜியம் வளர்ந்தது, பிரான்சு சுருங்கிப்போனது! இரு பக்கத்து மேயர்களும் சிரித்தார்கள். கல் திரும்பாவிட்டால் 1930 முதல் கூடாத எல்லை ஆணையத்தையே கூட்ட வேண்டிவரும் என்ற பேச்சும் வந்தது. கண்டுபிடித்தவர் யார்? காட்டுக்குள் நடந்துபோன உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒருவர். ஏட்டுச் சுரைக்காயா கண்டுபிடித்தது?

எப்படி நடப்பது? நாட்டெல்லையானால் மாவட்ட நிர்வாகத்திடமும் எல்லைக் காவல் படையிடமும் முன்அனுமதி வேண்டும். இருவர் போதும்: ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. கைபேசி ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் தவறும். மரத்தடியில் இன்னும் கூடும். 2.29 மீட்டர் நகர்ந்த கல்லை அது காட்டிக்கொடுக்காது. ஆகவே கிணற்று மேடு, பாறை என்று அசையாத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்துக் குறியுங்கள். கல்லின் எண்ணோடு நான்கு பக்கமும் படம் எடுங்கள். அன்றிரவே எழுதி முடியுங்கள். உங்களிடம் பேசிய ஊர்க்காரர் பெயரை வெளியிடாதீர்கள். எல்லையோரத்தில் ஒரு பெயர் ஒரு குடும்பத்தையே சிக்கலில் மாட்டிவிடும்.

நமக்கு நாட்டெல்லை இல்லை. ஒகேனக்கல்லில் காவிரியே மாநில எல்லை. கரையோரக் காடு சரணாலயம், யானை நடமாடும் இடம், வனத்துறை அனுமதியின்றி மாணவரை அழைத்துப் போகக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் எல்லைக் கல் உண்டே! 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைச் சட்டம் அந்தக் கல்லைக் காப்பது நில உடைமையாளர் கடமை என்கிறது. பிளாட் போடும்போதும் சாலையை அகலப்படுத்தும்போதும் முதலில் காணாமல் போவது அதுதான். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை கிராம வரைபடத்தோடு தம் ஊர் எல்லையை நடந்து கற்களைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு விஏஓ அலுவலகத்துக்குப் போக வேண்டும். அம்மா அவர்கள் இந்த மேடையிலேயே இதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆசிரியர்கள் பள்ளியின் பெயரோடு கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.