வெண்டைக்காய், கத்தரிக்காய், கொலஸ்டிரால்

(காட்சி: சமையல் மேடை. பலகையில் ஐந்தாறு வெண்டைக்காய். பக்கத்தில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர்.)

வணக்கம். இந்த வெண்டைக்காய்களின் காம்பை நறுக்கிவிட்டு, நீளவாக்கில் கீறி, தண்ணீரில் போட்டு வைக்கிறேன். அப்படியே ஊறட்டும். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம். அதற்குள் ஒரு கேள்வியைப் பார்த்துவிடலாம்.

என் அம்மா கேட்ட கேள்வி இது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்டிரால் என்பார்களே, அது) என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே பார்த்தவர், "நான் முட்டையைக்கூடத் தொட்டதில்லையே, எனக்கு எப்படிடா கொலஸ்டிரால் வந்தது?" என்றார்.

நியாயமான கேள்வி. பல வீடுகளில் இதே கேள்வி எழுகிறது. கறி மீன் சாப்பிடாதவர்களுக்குக் கொலஸ்டிரால் வராது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம் உடம்பில் ஓடும் கொலஸ்டிராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே அதைத் தயாரித்துக்கொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரியது. ஹார்மோன்கள், வைட்டமின் டி, செரிமானத்துக்கான பித்தநீர் என்று பல வேலைகளுக்குக் கொலஸ்டிரால் வேண்டும். ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதும் கல்லீரல்தான். நெய், வெண்ணெய், பாமாயில், வனஸ்பதி போன்றவற்றிலிருந்து நிறைவுற்ற கொழுப்பு நிறைய வந்தால் இந்த இழுக்கும் வேலை மந்தமாகிவிடுகிறது. எல்டிஎல் ரத்தத்திலேயே தங்குகிறது.

அம்மாவின் ஒரு நாளை எடுத்துப் பார்த்தேன். காலையில் இரண்டு காபி, நெய் விட்ட பொங்கல். மதியம் ஒரு குவியல் வெள்ளைச் சோறு, பருப்பு அடியில் தங்கிவிட்ட சாம்பார், இரண்டு கரண்டி பொரியல். மாலையில் டீக்கடை வடை. இரவு தோசை. எல்லாமே சுத்த சைவம். ஆனால் காயும் பருப்பும் ஓரத்தில்தான் இருந்தன.

இங்கேதான் கனடாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருக்கிறார். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்ட, சர்க்கரை நோயாளிகள் இன்று பேசும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலை 1981ல் முன்வைத்தது இவரது குழுதான். 2003ல் இவர்கள் கொலஸ்டிரால் அதிகமாக இருந்த 46 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைந்த சாப்பாடு. இரண்டாம் குழுவுக்கு அதே சாப்பாட்டோடு தினம் 20 மில்லிகிராம் லோவாஸ்டாடின், அதாவது கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை. மூன்றாம் குழுவுக்கு மாத்திரை கிடையாது, பெரும்பாலும் தாவர உணவுதான். சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (செடிகளில் உள்ள, கொலஸ்டிரால் போன்ற பொருள்) சேர்த்த மார்கரின், அப்புறம் வழவழப்பான நார் உள்ள உணவுகள்: ஓட்ஸ், பார்லி, இசப்கோல், வெண்டைக்காய், கத்தரிக்காய்.

ஆமாம், நம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும்தான்.

ஒரு மாதம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். முதல் குழுவில் எல்டிஎல் 8 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 30.9 சதவீதம். தாவர உணவுக் குழுவுக்கு 28.6 சதவீதம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமே இல்லை.

(காட்சி: டம்ளரை நெருக்கமாகக் காட்டவும். கரண்டியால் தண்ணீரை மெல்லத் தூக்கினால் நூல் போல இழுபட வேண்டும்.)

இப்போது இந்த டம்ளரைப் பாருங்கள். தண்ணீர் தண்ணீராக இல்லை. கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுபடுகிறது. பொரியல் செய்யும்போது இது போக வேண்டும் என்றுதானே கொஞ்சம் மோரோ புளித்தண்ணீரோ தெளித்து வதக்குகிறோம்? இந்தக் கொழகொழப்புதான் கரையும் நார்.

இது குடலுக்குள் என்ன செய்கிறது? கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அவற்றைத் தயாரிப்பது கொலஸ்டிராலிலிருந்துதான். வேலை முடிந்ததும் சுமார் 95 சதவீதப் பித்த அமிலம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே போய்விடும். அதாவது உடம்பு அதை வீணாக்காமல் சுழற்சியில் வைத்திருக்கிறது. வழவழப்பான நார் குடலில் கூழ் போல நிறைந்திருந்தால் பித்த அமிலத்தில் ஒரு பங்கு அதில் மாட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். கல்லீரலுக்குத் திரும்பி வரவேண்டிய சரக்கு குறைகிறது. புதிதாகப் பித்த அமிலம் செய்யக் கொலஸ்டிரால் வேண்டும். அதனால் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளை, அதாவது எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி போன்ற புரதங்களை, கூடுதலாக நிறுத்தி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கிறது.

ஸ்டாடின் மாத்திரையும் கடைசியில் வந்து நிற்பது இதே இடத்தில்தான். அது கல்லீரலுக்குள் கொலஸ்டிரால் தயாராவதைத் தடுக்கிறது. உள்ளே சரக்கு இல்லாததால் கல்லீரல் அதே ஏற்பிகளை அதிகமாக்கி ரத்தத்திலிருந்து எடுக்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு கிடைத்தது. வழி வேறு, வாசல் ஒன்று. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

சரி, வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைத் தினம் ஒரு டம்ளர் குடித்தால் போதுமா? போதாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தண்ணீரை மருந்து போலச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அந்த ஆய்வில் 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு வழவழப்பான நார் மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 20 கிராம் கொடுத்தார்கள். 100 கிராம் வெண்டைக்காயில் எல்லா நாரும் சேர்ந்தே மூன்று நான்கு கிராம்தான் இருக்கும். அங்கே வேலை செய்தது ஒரு காய் இல்லை, முழுச் சாப்பாடும்.

இன்னொன்று, அந்த 46 பேருக்கும் சாப்பாட்டை அளந்து கொடுத்தார்கள். நம் வீட்டுக்கு யார் வந்து அளந்து கொடுப்பார்கள்? அதே குழு 2011ல் கனடாவின் நான்கு நகரங்களில் சுமார் 350 பேருக்கு வெறும் ஆலோசனை மட்டும் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது. இந்தத் தாவர உணவு ஆலோசனை பெற்றவர்களுக்கு எல்டிஎல் 13 முதல் 14 சதவீதம் குறைந்தது. வழக்கமான கொழுப்புக் குறைப்பு ஆலோசனை பெற்றவர்களுக்கு 3 சதவீதம்தான். முன்பு கிடைத்ததில் பாதி என்றாலும், அவரவர் வீட்டில் அவரவர் சமைத்துச் சாப்பிட்டு வந்த பலன் இது. ஆறு மாதத்தில் இரண்டு முறை ஆலோசனைக்கு வந்தவர்களுக்கும் ஏழு முறை வந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது.

(காட்சி: தட்டு. முதலில் காய்களும் பருப்பும், கடைசியில் சோறு.)

எங்கள் வீட்டில் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். முதலில் தட்டில் போடும் வரிசை மாறியது. வெண்டைக்காய்ப் பொரியலோ கத்தரிக்காய்க் கூட்டோ தட்டில் பாதியை நிரப்பிய பிறகுதான் சோறு. சாம்பாரில் பருப்பு இரண்டு மடங்கு. வாரத்தில் இரண்டு நாள் மீல்மேக்கர் குழம்பு, மற்ற நாட்களில் சுண்டலோ தட்டைப்பயறோ. மாலை வடைக்குப் பதில் ஒரு பிடி வேர்க்கடலை. நெய் பொங்கல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது, மற்ற நாளில் பார்லி சேர்த்த கஞ்சி. ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் பாருங்கள், அதுவும் இந்த டம்ளர் மாதிரியே வழவழப்பாக இருக்கும். வெந்தயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை 1980களிலேயே ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள். வயிறு உப்பிக்கொள்ளும், இரண்டே நாளில் விட்டுவிடத் தோன்றும். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் காய்களிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் பிரச்சினையாகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது. இவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

அசைவத்தோடு பால், தயிரையும் சேர்த்து விட்டுவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைட்டமின் பி12 காய், பருப்பு, கீரை எதிலும் நம்பும் அளவுக்கு இல்லை. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்கள் தாங்குவதால் குறைவது உடனே தெரியாது. கால் மரத்துப்போவது, காரணம் தெரியாத சோர்வு, மறதி என்று மெதுவாக வரும். நரம்பு கெட்ட பிறகு முழுதாக மீட்க முடியாமலும் போகலாம். அதனால் பி12 மாத்திரையைச் சாப்பாட்டின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கும் சைவர்களும் ஒருமுறை அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, ஏற்கெனவே ஸ்டாடின் சாப்பிட்டு வருபவர்கள், அதிலும் ஒருமுறை மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டை மாற்றுங்கள், மாத்திரையும் தொடரட்டும். ஆறு வாரம் கழித்து அதே லேபில் லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுத்து, பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து டாக்டர் முன்னால் வையுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று இரண்டையும் பார்த்து அவர் சொல்லட்டும்.